மணையில் உட்கார்ந்த குடம்

பெரியம்மா கேட்டது ஒரே ஒரு படம். குவைத்தில் அவர் வேலை செய்யும் வீட்டில் பகலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மகளின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ கோலில் பார்க்கவும் வழியில்லை. அதனால் முந்தின வாரமே எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார்.

“தாலி கட்டுற படம் ஒன்னு போதும் புள்ள. மத்தத நீ எடு, எடுக்காம போ. அதுல மட்டும் அவ மொகம் தெரியணும். சடங்கு படத்துல வந்த மாதிரி வெள்ளையா போயிறக் கூடாது.”

அவர் மகளான அக்காவின் சடங்கின்போதும் பெரியம்மா குவைத்தில்தான் இருந்தார். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். முகம் நிறையப் பவுடர், அதன்மேல் நேருக்கு நேர் அடித்த ஃபிளாஷ். மாலைக்கும் நெற்றிச்சுட்டிக்கும் நடுவில் மாவு தட்டி வைத்ததுபோல் ஒரு வெள்ளை வட்டம். அதில் இரண்டு கறுப்புக் கண்கள். மகள் பெரிய மனுஷியான முகம் என்று பெரியம்மாவிடம் இருப்பது அதுதான்.

பதுளையில் கெமராவும் போனும் பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். படித்தது எலக்ட்ரோனிக்ஸ். ஒரு ஃபிளாஷைக் கழற்றிப் பூட்ட எனக்குத் தெரியும். அதற்காகக் கல்யாணப் படம் எடுக்கத் தெரியும் என்று ஆகாது. இதைக் கடை முதலாளி நானாவிடம் சொன்னபோது அவர் கெமராவையும் ஃபிளாஷையும் பையில் போட்டுக் கொடுத்து, “அதெல்லாம் வரும் தங்கச்சி. பனியில நனைச்சி மட்டும் கொண்டு வந்துறாதீங்க” என்றார்.

கல்யாணம் ஹல்துமுல்லைப் பக்கம், தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். விடிந்ததும் போய்விட்டேன். பிரச்சினைகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு மனம் நிற்கும். கூரை தகரம், உயரமும் அதிகம். ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் வெளிச்சம் திரும்பி வராது. சுவரில் பச்சைப் பெயின்ட், அதுவும் பளபளப்பானது. அதில் பட்டுத் திரும்பினால் மணப்பெண் பச்சையாகிவிடுவாள். மணவறைக்குப் பின்னால் ஜிகினாத் திரை. நேராக அடித்தால் அதுவே இன்னொரு ஃபிளாஷ். வாசல் அகலமானது, அது வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. பனிக்குள் ஃபிளாஷ் அடித்தால் ஆளுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும்.

“கதவ கொஞ்சம் சாத்திக்கலாமா?” என்று கேட்டேன். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கல்யாண மண்டபத்துல கதவ சாத்துறதா? நல்லா கேட்டீங்க போங்க.”

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை அக்காவின் தலைதான். தாலி கட்டும்போது பெண் குனிவாள். மேலிருந்து வரும் எந்த வெளிச்சமும் அவள் வகிட்டோடு நின்றுவிடும். ஆகவே ஃபிளாஷைக் கெமராவிலிருந்து கழற்றி, பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில், தாழ வைக்க வேண்டும். எவ்வளவு தாழ, எவ்வளவு பக்கத்தில் என்பதுதான் கேள்வி.

அதற்கு அந்தக் கெமராவில் ஒரு வசதி உண்டு. லென்ஸுக்கு அருகே ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால் ஃபிளாஷ் ஒரு மூச்சு விடும் நேரம் படபடவென்று துடித்து எரியும். படம் விழாது. ஆனால் நிழல் எங்கே விழப்போகிறது, எது பளிச்சென்று திருப்பி அடிக்கப்போகிறது என்பதையெல்லாம் வெறும் கண்ணாலேயே முன்கூட்டிப் பார்த்துவிடலாம். அடிக்கடி அழுத்தினால் ஃபிளாஷ் சூடேறி நின்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அப்படி நின்றுபோனவைதான் எங்கள் கடைக்கு வருகின்றன. தெரிந்தும் விரல் அந்தப் பொத்தானிலேயே கிடந்தது.

நிழல் விழ ஒரு முகம் வேண்டுமே. மணையில் யாராவது ஒரு நிமிடம் உட்கார்ந்து குனிய வேண்டும். பூக்கட்டிக்கொண்டிருந்த அக்காமாரிடம் போய்க் கேட்டேன்.

“ஐயய்யோ, அடுத்தவ மணையில நானா? எனக்கு வர்றதும் வராம போயிரும்” என்றாள் கல்யாணமாகாத ஒருத்தி.

“என்னைய ஒக்கார வச்சீன்னா எங்க வீட்டுக்காரரு கொழுந்துக் கூடையோட வந்து நிப்பாரு, யாருடி மாப்பிள்ளன்னு” என்றாள் கல்யாணமானவள். பூக்கூடையைச் சுற்றி ஒரே சிரிப்பு.

“நீயே ஒக்காரு. ஒனக்கும் ஒரு வழி பொறக்கட்டும்.”

“நான் ஒக்காந்தா பொத்தான யாரு அழுத்துறது?”

நேரம் போய்க்கொண்டிருந்தது. சமையல்கட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கி வந்தேன். அசையாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றினேன். அதன் வாயில் ஒரு தேங்காயை வைத்தேன், அதுதான் தலை. என் சால்வையை மடித்துத் தோள்போலச் சுற்றினேன். மணையில் வைத்துப் பார்த்தால் உயரம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. பொத்தானை அழுத்தினேன். தேங்காய்க்குக் கீழே கறுப்பு நிழல். ஸ்டாண்டை இறக்கினேன். மறுபடி. ஜிகினா கண்ணைக் குத்தியது. இடப்பக்கம் நகர்த்தினேன். மறுபடி. ஃபிளாஷைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. ஆறட்டும் என்று வெளியே போய், பனி எந்தப் பக்கமாக நகர்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது குடத்துக்கு முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. தேங்காயில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. பெரியப்பாவின் அக்கா, நாங்கள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிறவர், கைகூப்பி நின்றார்.

“அத்த, என்னா செஞ்சீங்க?”

“என்னாவா? கும்பத்த வச்சிட்டு ஒரு பொட்டு வைக்காம போயிருக்காங்க. ஐயருக்குப் புத்தி எங்க போச்சு? போர்வ வேற போத்தி வச்சிருக்கு, குளிருதாம் சாமிக்கு.”

“அது கும்பமில்ல அத்த. நான் லைட்டு பாக்க வச்சது.”

அத்தை குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இனி கும்பந்தான். சூடம் காட்டியாச்சு. கையெடுத்துக் கும்புட்டாச்சு. அதத் தூக்கிட்டுப் போயி ரசம் வைக்கச் சொல்றியா?”

ஐயர் வந்தார். விஷயம் கேட்டார். அவருக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது. “இருக்கட்டும்மா, அதுல ஒன்னும் குத்தமில்ல. மணைய விட்டு எறக்கி முன்னாடி வச்சிருங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் அசைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு ஓமத்துக்குக் கட்டை அடுக்கத் தொடங்கினார்.

குடம் மணப்பெண் உட்காரும் இடத்துக்கு முன்னால், சற்றே பக்கவாட்டில் வந்து நின்றது. சால்வை மட்டும் திரும்பக் கிடைத்தது. புதிதாய்ப் புளி போட்டுத் துலக்கிய பித்தளை. நான் பார்த்துப் பார்த்து வைத்த வெளிச்சத்துக்கு நடுவில், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற இன்னொரு பொருள். அதை அசைக்கவும் கூடாது. அதுவரை கண்டுபிடித்த கோணமெல்லாம் வீண்.

அக்காவை அழைத்து வந்தார்கள். அவள் ஐயரிடம் திருநீறு வாங்கக் குனிந்தபோது நான் பொத்தானை அழுத்திவிட்டேன். ஃபிளாஷ் துடித்தது. விளக்குப் பிடித்திருந்த அக்காவின் நாத்தனார் திடுக்கிட்டு, “யம்மா, மின்னலா?” என்றாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலேயே என்னை முறைத்தார்.

ஆனால் நான் பார்த்துவிட்டேன். தாழ வைத்த ஃபிளாஷ் குடத்தின் வயிற்றில் பட்டு, மஞ்சளாகி, கீழிருந்து அக்காவின் முகத்துக்கு ஏறியது. குனிந்த முகத்தில் தாடை தெரிந்தது, உதடு தெரிந்தது, மூக்குத்தியின் நிழல்கூட மெல்லியதாகத் தெரிந்தது. எங்கும் வெள்ளை இல்லை. நான் ஸ்டாண்டிலிருந்து கையை எடுத்தேன். பிறகு எடுத்ததில் நம்பிக்கையில்லாமல் மறுபடி பிடித்தேன். ஃபிளாஷ் ஆறிவிட்டதா, பனி இன்னும் உள்ளே வருகிறதா, நாத்தனார் குறுக்கே நகர்ந்துவிடுவாளா? இன்னொரு தடவை அழுத்திப் பார் என்று விரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுத்தவில்லை. கெட்டி மேளம் தொடங்கியதும் பூவும் அரிசியும் பறந்தன. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பந்தி நடக்கும்போது ஒரு மூலையில் நின்று படங்களைப் போனுக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாலி கட்டும் படத்தில் முகம் தெரிந்தது. கன்னத்தில் ஒரு கோடும் தெரிந்தது. கண்ணிலிருந்து தாடை வரை ஈரமாக, பித்தளை நிறத்தில். அடுத்த படத்தில் நாத்தனாரின் கை குறுக்கே வந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. அதில் கோடு இல்லை.

அக்காவிடம் போனைக் காட்டினேன். “பொகைடி” என்றாள். “ஐயரு நெய்ய ஊத்துன ஊத்துல எல்லாருக்குந்தான் கண்ணு எரிஞ்சிச்சு.”

“எதப் பெரியம்மாவுக்கு அனுப்ப?”

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “அம்மா கேட்டதத்தான அனுப்பணும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஹல்துமுல்லை டவுனுக்கு வந்த பிறகுதான் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, கோடு விழுந்த முதல் படத்தை அனுப்பினேன். ஒற்றைச் சரிக்குறி மட்டும் விழுந்தது. பெரியம்மா கையில் இன்னும் போன் இல்லை. பண்டாரவளை தாண்டும்வரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிறகு பையில் போட்டேன், மறுபடி எடுத்தேன்.

பதில் மறுநாள் காலையில் கடையில் இருக்கும்போது குரல்பதிவாக வந்தது. ஒரு ஃபிளாஷைத் திறந்து வைத்திருந்தேன். திருகாணியைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தேன்.

“தெரியுது புள்ள. மொகம் நல்லா தெரியுது.” பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “அந்தக் கும்பத்த யாரு அங்ஙன கொண்டு வந்து வச்சா? எல்லாம் எடம் மாறிக் கெடக்கு, ஒங்க அத்த வேலயாத்தான் இருக்கும்.” மறுபடி மெஷின் சத்தம். “அழுதிருக்கா. கேட்டீன்னா பொகைன்னு சொல்லுவா. நம்பாத. நான் அவளுக்கு இன்னிக்கி ராவைக்கி கோல் எடுக்குறேன்னு சொல்லு, முழிச்சிருக்கச் சொல்லு.”

அக்காவுக்கு அந்தக் குரல்பதிவை அப்படியே அனுப்பி வைத்தேன்.