லோடிங் பார்ட்டி

"சார், நான் எந்த விருந்துக்கு சார் பொறுப்பா இருந்தேன்?"

வெள்ளிக்கிழமை காலை கலியமூர்த்தி போனில் கேட்ட கேள்வி இது. நான் இருபது வருடங்களாக மொழிபெயர்க்கிறவன். மோட்டார் பம்பு கையேடுகளைத் தமிழாக்கி, பல பம்புகள் ஓடாமல் போகக் காரணமாக இருந்தவன். அப்போதெல்லாம் யாரும் போன் போட்டுக் கேட்டதில்லை.

நான் அப்போது முடித்திருந்தது ஒரு குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவின் வரலாறு. அதில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மாவட்டத்துக்காரர்கள் கூடி, ஆங்கிலப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்தார்கள். பிரிவு உருவானது, தளம் தளமாக மாறியது, கடைசி விமானம் ஓய்வுபெற்றுத் தளத்தின் வாசலில் சிலையாக நின்றது எல்லாம் அதில் உண்டு. விமானத்தின் வயிற்றில் குண்டு வைக்கும் இடத்துக்கு 'பாம் பே' என்று பெயர். கடலூர்க்காரன் புத்தி, 'பே' என்றதும் கடல்தான் தெரிந்தது, 'குண்டு வளைகுடா' என்று எழுதிவிட்டேன். அதை நானே கண்டுபிடித்துத் திருத்தினேன். அந்தப் பெருமிதத்தில் அடுத்ததைக் கோட்டைவிட்டேன்.

கலியமூர்த்தி கடலோரக் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. விமானத்தில் குண்டுகளை மாட்டும் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் குழுவுக்கு 'லோடிங் பார்ட்டி' என்று பெயர். ஆனால் லீவில் வரும்போதெல்லாம் ஊர்க் கல்யாணங்களுக்கு பிரியாணி போட்டுக் கொடுத்ததால், அவர் பட்டாளத்தில் சமையல்காரர் என்றே குப்பம் முடிவுகட்டியிருந்தது. 'மெஸ் மாமா' என்று பட்டம். அதைத் துடைக்க அவர் நம்பியிருந்தது இந்தப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை. அதில் நான் எழுதியிருந்தது: 'குண்டு ஏற்றும் விருந்தின் பொறுப்பாளர் கலியமூர்த்தி.'

"அச்சகத்துலேர்ந்து வந்த மொதல் பிரதிய எம் மச்சினன் படிச்சிட்டான் சார். 'பாத்தியா மாமா, குண்டு ஏத்துறதுக்கு முன்னாடி நீதான் பந்தி போட்ருக்க'ன்றான். குப்பம் பூரா சிரிக்குது."

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. சிதம்பரம் அச்சகத்துக்கு பஸ் ஏறினேன்.

அச்சகக்காரர் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லவேளை சார், பொறுப்பாளர்னு போட்டீங்க. மாஸ்டர்னு போட்டிருந்தா இன்னும் ஜாஸ்தி ஆயிருக்கும்."

முந்நூறு பிரதிகளிலும் 'விருந்தின்' மேல் 'குழுவின்' என்று சீட்டு ஒட்டினேன். பசை காய்வதற்குள் பஞ்சாயத்து முடிந்தது என்று நினைத்தேன். ஒட்டிய சீட்டைக் கண்டால் மனிதனின் விரல் நகம் சும்மா இருக்காது என்பதை மறந்துவிட்டேன்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் விழா. புத்தகம் கைக்கு வந்ததும் மச்சினன் சீட்டைச் சுரண்டினார். வரிசை முழுக்கச் சுரண்டியது. பிறகு சிரிப்பு. மேடையில் கலியமூர்த்தி குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரிவில் விமானம் ஓட்டிய சிதம்பரத்துப் பெரியவர் மைக்கைப் பிடுங்கினார்.

"இன்னாய்யா சிரிப்பு? நான் பட்டன அமுக்குவேன், அவ்ளோதான் என் வேலை. மாட்டுனது சரியில்லன்னா குண்டு பாதி கழண்டு தொங்கும். இறங்குறப்ப நானும் சேந்து வெடிச்சிருப்பேன். மாட்டுனது இந்தக் கலியமூர்த்தி. ஒரு தடவ கூடத் தொங்கல. அதான் உங்க முன்னாடி நின்னு கத்திக்கினு இருக்கேன்."

மச்சினன் மெதுவாக எழுந்தார்.

"அப்ப நெஜமாவே குண்டுதானா மாமா? நாங்க இத்தன வருஷமா பிரியாணிக் குண்டான்னு நெனச்சிட்டோமே!"

முதலில் சிரித்தவர் கலியமூர்த்திதான். பிறகு கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

இளம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வார்த்தை: அகராதியைப் பிரிக்கும் முன் ஆளுக்குப் போன் போடுங்கள். கலியமூர்த்தியின் நம்பர் என்னிடம் இருந்தது. வீடு பத்து நிமிட வண்டித் தூரம். எனக்கோ அகராதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அன்று மதியச் சாப்பாடு பிரியாணி. போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. குண்டானுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்று அவரே குரல் கொடுத்தார்: "லோடிங் பார்ட்டி, லைனா வாங்க!"

என் முறை வந்தபோது கரண்டி நின்றது.

"சார், விருந்துல உங்களுக்கும் ஒரு பொறுப்பு போட்ருக்கேன். சாப்ட்டு முடிச்சிட்டு இலைங்கள எடுத்துடுங்க."

எடுத்தேன். கடைசிப் பந்தி வரைக்கும்.