சேற்றில் சுருண்டிருந்த பெரணி: ஆரைக்கீரை தேடிச் சிதம்பரம்

போன வருடம் ஏப்ரலில் நண்பர்களோடு டார்ஜிலிங் போயிருந்தபோது, சந்தையில் கட்டுக் கட்டாக ஒரு கீரை விற்றார்கள். தண்டின் நுனி சுருள் சுருளாக இருந்தது. நிங்ரோ என்றார்கள். காட்டில் முளைக்கும் பெரணிச் செடியின் இளங்குருத்தாம். தங்கியிருந்த விடுதியில் அதைப் பாலாடைக்கட்டி போட்டு வதக்கிக் கொடுத்தார்கள். நான் மூன்று தட்டு சாப்பிட்டேன். சேலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். பித்தளையைச் சீவும்போது வருகிற சுருளைத் தினம் பார்க்கிறவன். அதே சுருள் ஒரு செடியில் வருவதையும், அதைத் தின்ன முடிவதையும் என்னால் மறக்கவே முடியவில்லை.

ஊருக்கு வந்ததிலிருந்து ஒரே கேள்விதான். நம்ம சமவெளியில் தின்னக்கூடிய பெரணி ஏதாவது உண்டா? கேட்ட இடத்திலெல்லாம் சிரித்தார்கள். கடலூரில் இருக்கும் என் மைத்துனன் செந்திலும் போனில் சிரித்தான். ஆனால் அவன் மனைவி கலை போனை வாங்கி, "மாசிக் கடைசில வாங்கண்ணே. சிதம்பரம் பக்கம் காட்றேன்" என்றாள். கலை தேவனாம்பட்டினத்துப் பெண். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். அவள் தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். அவள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும்.

இப்படித்தான் 2010 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பட்டறையை மதியமே பூட்டிவிட்டுக் கிளம்பினேன். சேலத்திலிருந்து ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி வழியாகக் கடலூர். சுமார் இருநூறு கிலோமீட்டர், ஐந்தரை மணி நேரம், டிக்கெட் 76 ரூபாய். (பண்ருட்டியில் பஸ் பதினைந்து நிமிடம் நிற்கும். இறங்கி டீ குடிக்கலாம், பலாப்பழத்துக்கு இன்னும் நாளிருக்கிறது.)

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மஞ்சக்குப்பத்தில் செந்தில் வீட்டிலிருந்து புறப்பட்டோம். கலை தன் ஸ்கூட்டியில் முன்னால். நானும் செந்திலும் பைக்கில் பின்னால். அவன் வேலை பார்க்கும் சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டியதும் காற்று குளிர்ச்சியாக அடித்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வண்டி ஓட, ஆரைக்கீரை, ஈரத்தில் வளரும், நாலு இலை என்று கலை முந்தின இரவு சொல்லியிருந்ததால் சாலையோரத் தண்ணீரையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் வாய்க்கால் நிறையப் பச்சைப்பசேலென்று நாலிலைச் செடி மிதந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கலை திரும்பி வந்து பார்த்தாள். செடி அதேதான், ஆனால் ஊர்ச் சாக்கடை வந்து சேரும் வாய்க்கால். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதை இந்தச் செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஏழரைக்குச் சிதம்பரம். மேலவீதியில் இட்லி, கத்தரிக்காய்க் கொத்சு. மூன்று பேருக்கு 54 ரூபாய். கொத்சுக்காகவே தனியாக ஒருமுறை வரலாம்.

அங்கிருந்து கிள்ளை போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர் போய் ஒரு வரப்போரம் நிறுத்தினோம். சம்பா அறுத்து, உளுந்து தெளித்திருந்த வயல்கள். நடுவில் ஈரம் காயாத ஒரு சிறு வாய்க்கால். அதன் சேற்றில் கம்பளம் விரித்த மாதிரி ஆரைக்கீரை.

நாலு இலை, சிலுவை மாதிரி. கிட்டத்தில் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். டார்ஜிலிங் சுருளைத் தேடி இவ்வளவு தூரம் வந்தால் இது வெறும் கீரை. இது எப்படிப் பெரணி என்று கேட்டேன். கலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிய இலைகளை விலக்கி, சேற்றுக்கு அரை அங்குலம் மேலே இருந்த ஒரு குருத்தைக் காட்டினாள்.

சுருள். நூல் தடிமனுக்கு ஒரு தண்டு, அதன் நுனியில் சின்னஞ்சிறு சுருள். வெளிர்ப் பச்சை, மேலே மெல்லிய பூனைமுடி. ஒன்றைப் பார்த்த பிறகு எங்கே பார்த்தாலும் அதுதான். நூற்றுக்கணக்கில். நான் முழங்கால் சேற்றில் பதிய உட்கார்ந்துவிட்டேன். செந்தில் என்னைப் பார்த்துச் சிரித்தது காதில் விழுந்தது, கவலைப்படவில்லை.

அடையாளம் இதுதான் என்று கலை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆரைக்கு நாலு இலை. புளியாரைக்கு மூன்று, இதய வடிவில், கடித்தால் புளிக்கும், மஞ்சளாகப் பூக்கும். ஆரை பூக்கவே பூக்காது. பெரணி ஆயிற்றே, பூ ஏது? பூவைப் பார்த்தால் அது ஆரை இல்லை, விட்டுவிடலாம். புதுக்குருத்து சுருண்டுதான் வரும். தண்ணீர் வற்றுகிற காலத்தில் தண்டின் அடியில் மிளகு அளவில் கறுப்பாகக் காய் மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள்தான் அதன் வித்து. ஆறு வருடமாகப் பெரணிப் பாடத்தைப் புத்தகப் படத்தை வைத்தே நடத்துவதாகவும், பிள்ளைகளுக்கு ஒரு நாள் இதை நேரில் காட்டிவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

அரை மணி நேரத்தில் ஒரு மஞ்சப்பை நிறையப் பறித்தோம். அப்போதுதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஆசை தாங்காமல், இளங்குருத்தாகப் பத்துப் பன்னிரண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கினேன்.

சாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். எங்கள் பையைப் பார்த்ததும் நின்றார்.

"அங்கயா பறிச்சீங்க? முந்தாநாளு உளுந்துக்கு மருந்து அடிச்சிருக்காங்க. நானு ஆட்டையே உள்ள உடல."

கலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மென்றதை அவள் கவனித்திருக்கிறாள்.

"எவ்ளோ முழுங்கினீங்கண்ணே?"

சொன்னேன். அவள் முகம் மாறியது. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளிக்கச் சொன்னாள், கைகளைக் கழுவச் சொன்னாள். வயல் யாருடையது என்று அந்த அம்மாவிடம் கேட்டு, செந்தில் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். கலை ஸ்கூட்டியைச் சிதம்பரம் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தலை சுற்றுகிறதா, எச்சில் ஊறுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எச்சில் ஊறுகிறதா என்று ஒருவர் கேட்டால் உடனே ஊறத்தான் செய்கிறது. என் பெண்ணுக்கு அடுத்த வாரம் பத்தாம் வகுப்புத் தேர்வு. அதை நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

பத்தே நிமிடத்தில் செந்தில் வயல்காரரோடு வந்தான். கலியமூர்த்தி என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தான் கூடப் போடாமல் ஓடி வந்திருந்தார். தெற்கே மூன்று வயலுக்குத்தான் மருந்து அடித்ததாகவும், நாங்கள் பறித்தது ஐந்தாவது வயல் வாய்க்கால் என்றும் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. கலை மட்டும் விடவில்லை.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சிதுங்க அன்னிக்கி?"

கலியமூர்த்தி திரும்பி வயலைப் பார்த்தார்.

"இந்தப் பக்கந்தாம்மா."

கலை மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். அரை மணி நேர உழைப்பு வரப்பில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றாள். கலியமூர்த்தி பம்ப்செட் கொட்டகைக்குள் ஓடிப்போய்க் காலி மருந்து டப்பாவை எடுத்து வந்தார். டாக்டர் என்ன மருந்து என்று கேட்பார், கையில் இருக்கட்டும் என்று அவராகவே பைக்கில் ஏறிக்கொண்டார்.

சிதம்பரத்தில் ஒரு சிறிய கிளினிக். டாக்டர் முதலில் டப்பாவை வாங்கிப் படித்தார். பிறகு என் கண், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். விழுங்கியது மிகக் குறைவு, அறிகுறி எதுவும் இல்லை, ஆனாலும் இரண்டு மணி நேரம் இங்கேயே படுங்கள் என்றார். படுத்தேன். பதினொன்றரைக்கு மறுபடி பார்த்து, போகலாம், இனிமேல் கண்ட இடத்தில் மேயாதீர்கள் என்று அனுப்பினார். கட்டணம் 60 ரூபாய்.

வெளியே வந்தால் கலியமூர்த்தி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரமும் அங்கேயேதான் இருந்தாராம், டீ கூட வேண்டாம் என்றுவிட்டாராம். தப்பு என்னுடையதுதான், கேட்காமல் உங்கள் வயலில் இறங்கியது நான் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எங்கூட்டுக்கு வாங்க. கொல்லையில போர் தண்ணி ஓடற எடத்துல இதே கீர கெடக்குது. நாங்க திங்கறது. மருந்து ஒரு சொட்டு பட்டதில்ல."

கலை என்னைப் பார்த்தாள். முடிவை என்னிடம் விடுகிறாள் என்று புரிந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? அதோடு அந்தச் சுருள்! போவோம் என்றேன்.

அவர் வீட்டுக் கொல்லையில் தென்னைக்குப் பாயும் சிறு வாய்க்காலோரம் ஆரை ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. அவர் மனைவி சரோஜா எங்களோடு சேர்ந்து பறித்தார். முற்றிய தண்டை விட்டுவிட்டு இலையையும் இளந்தண்டையும் மட்டும் கிள்ள வேண்டும், வேரோடு பிடுங்கினால் மண் வந்துவிடும் என்றார். இத்தனை வருடமாகத் தின்னும் கீரை ஒரு பெரணி என்று கலை சொன்னதும், கணவன் மனைவி இருவரும் குனிந்து அந்தச் சுருளைப் பார்த்தார்கள். கலியமூர்த்தி ஒரு குருத்தை விரலால் மெல்ல விரித்துப் பார்த்தார். விட்டதும் அது மறுபடி சுருண்டது. சிரித்துவிட்டார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். நானும் வரிசையாக நாலைந்தை விரித்து விரித்து விட்டேன்.

நாலு தண்ணீரில் அலசி, பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டோடு நன்றாக வேகவிட்டு, காய்ந்த மிளகாய் தாளித்துத் தேங்காய் தூவிக் கூட்டு. பச்சையாகத் தின்னக் கூடாது, வெந்தால்தான் உடம்புக்கு ஆகும் என்று கலை என் பக்கமாகத் திரும்பிச் சொன்னாள். ஒன்றரை மணிக்கு இலை போட்டார்கள். முதல் வாயை எடுக்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது உண்மை. கலியமூர்த்தி தன் இலையில் இருந்ததை முதலில் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு நானும்.

முருங்கைக்கீரையை விட மென்மை, கடைசியில் லேசான துவர்ப்பு, தண்டு கடிபடும்போது ஒரு சின்ன நறுக். டார்ஜிலிங்கில் மூன்று தட்டு. இங்கே எண்ணவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில், சம்பா அறுத்த பிறகு வாய்க்கால் ஈரம் காய்வதற்குள் போங்கள். பனி ஈரத்தோடு காலையில் குருத்து நன்றாகத் தெரியும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் நிறைய. அங்கிருந்து கிள்ளை, பிச்சாவரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, வயல் பார்த்து இறங்கிக்கொள்ளலாம். ஆனால் வயல்காரரைப் பார்க்காமல் ஓர் இலை கிள்ளாதீர்கள். மருந்து அடித்தீர்களா, எப்போது, பக்கத்து வயலில் யார் அடித்தார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் பார்த்துவிட்டு வாருங்கள், பார்ப்பதே பாதிச் சாப்பாடு. செடியை அடையாளம் தெரிந்துகொண்டால் போதும் என்று நினைத்தேன், அது நின்ற இடத்தைத் தெரிந்துகொள்ளவில்லை. செடியைப் பற்றிக் கலைக்கு எல்லாம் தெரியும், அந்த மண்ணில் முந்தாநாள் நடந்தது ஆடு ஓட்டிய அந்த அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது.

இதை எழுதும்போது கலை போன் செய்தாள். பள்ளியில் அனுமதி வாங்கி, முப்பத்திரண்டு பிள்ளைகளைக் கலியமூர்த்தி கொல்லைக்கு அழைத்துப் போயிருக்கிறாள். திரும்பி வரும் வழியில் பார்த்தாளாம். மருந்தடித்த வயல்களின் வரப்பில் நாலு மூலையிலும் குச்சி நட்டு, சரோஜாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டி வைத்திருக்கிறார் கலியமூர்த்தி. பக்கத்து வயல்காரர் ஒருவரும் அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போனாராம்.