லைட்டு மீனுக்கு இல்லை

பிரியும்போது என் கணவர் மீன் தொட்டியை எனக்குக் கொடுத்துவிட்டு, அதன் விளக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். கேட்டதற்கு, விளக்கு தன் கார்டில் வாங்கியது என்றார். ஆறடி நீளமும் இரண்டடி ஆழமுமான ஒரு கண்ணாடித் தொட்டியை விளக்கில்லாமல் கொண்டுபோய் நான் என்ன செய்வேன் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தொட்டிக்குள் மணல் கொட்டியது நான், செடி நட்டது நான், வாராவாரம் தண்ணீர் மாற்றியது நான். சோபாவில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்தது மட்டும்தான் அவர். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வாழாமல் வந்த பெண்கள் பீரோவோடு வருவார்கள், பாத்திரத்தோடு வருவார்கள். நான் ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து லோடு வேனில் ஒரு வெற்றுக் கண்ணாடித் தொட்டியோடு வந்து அண்ணன் வீட்டு வாசலில் இறங்கினேன். செடிகள் ஈரச் செய்தித்தாளில் சுருட்டப்பட்டு வாளியில் இருந்தன. மீன்கள் பாலிதீன் பைகளில் இருந்தன. அவற்றில் வயதான இரண்டு கௌராமிகளை மட்டும் வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நகையெல்லாம் வந்துவிட்டதா என்று அண்ணியிடம் கேட்டார்கள்.

எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அண்ணன் விவசாயம் பார்க்கிறவர். கெட்ட மனிதரில்லை. தொட்டியைக் கூடத்துச் சுவர் ஓரம் வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். தை மாதம் அவர் மகளைப் பெண் பார்க்க மாயவரத்திலிருந்து வருகிறார்கள். அதற்குள் தொட்டி பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும். கூடத்தில் அழுகல் தண்ணீரை வைத்துக்கொண்டு சம்பந்தம் பேச முடியாது என்றார். அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது அந்த ஒரு பொருள்தான். அதற்கும் தை வரைதான் தவணை.

விளக்கு வாங்க வேண்டும் என்றேன். "மீனுக்கு எதுக்கும்மா லைட்டு?" என்றார் அண்ணன்.

லைட்டு மீனுக்கு இல்லை, செடிக்கு என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கூடத்தில்தான் டியூப்லைட் எரிகிறதே என்றார். அண்ணி கேட்டார், அதே கேள்வி. பால்காரர் கேட்டார். பரிசோதனை நிலையத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் செடிக்கு, செடிக்கு என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். வானத்தைப் பார்த்து மழையா வெயிலா என்று பேசியே வாழ்கிற ஊர். ஒரு வாரம் மூட்டம் போட்டால் பயிர் என்னாகுமோ என்று கவலைப்படுகிற ஊர். அந்த ஊருக்கு, செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்று நான் வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. தொட்டியை வாசல் வெயிலில் வைத்துவிட்டால் செலவே இல்லையே என்று அண்ணி யோசனை சொன்னார். அங்கே வைத்தால் தண்ணீர் பச்சையாகிவிடும், மீன் வெந்துபோகும் என்றேன். எதைச் சொன்னாலும் இவளிடம் ஒரு பதில் இருக்கிறது என்று அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

தஞ்சாவூருக்குப் போனேன். அங்கே பெரிய மீன் கடையில் முதலில் கேட்ட கேள்வி, சார் வரலையா என்பது. சார் வந்திருந்தால் என்ன கிழித்திருப்பார் என்று வாய் வரைக்கும் வந்தது. கடைக்காரர் ஒரு விளக்கைப் போட்டுக் காட்டினார். நீலமும் சிவப்புமாக மாறி மாறி எரிந்தது, திருவிழா சீரியல் செட் தோற்றது. மீன் கலர் கலராகத் தெரியும் என்றார். இரண்டடி ஆழத்தில் மணலோரம் இருக்கிற செடிக்கு இந்த வெளிச்சம் போய்ச் சேருமா என்று கேட்டேன். மீன் மேலேதானே வரும் என்றார். செடிக்கென்றே ஒரு விளக்கு இருக்கிறதா என்றதற்கு, கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு வெளிநாட்டு விளக்கை எடுத்து வைத்தார். என் கணவர் பிடுங்கி வைத்துக்கொண்டாரே, அதே மாதிரி. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். என் இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாலும் போதாது. அதே கடையில் ஒரு சின்னத் தொட்டியில் சிவப்புத் தண்டுச் செடியை மிதக்காமல் இருக்க ஈயத் துண்டு கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். அது எங்கள் வயலில் களையெடுக்கும்போது பிடுங்கி வரப்பில் எறிகிற பூண்டு.

கடைசியில் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன். படத்தில் பட்டப்பகலாக எரிந்த விளக்கு, வீட்டில் தண்ணீரின் மேல்பக்கத்தை மட்டும் மினுக்கியது. அடியில் மணலும் இருட்டு, செடியும் இருட்டு. அட்டையில் போட்டிருந்த வாட்டெல்லாம் சுத்தப் பொய். சாயங்காலமானால் ஊரில் மோட்டார்கள் ஓடும், கரண்டு இறங்கும், விளக்கு கண்ணைச் சிமிட்டும். செடிகள் வெளிச்சத்தைத் தேடி நெட்டுக்கு நீண்டன. அடி இலைகள் கரைந்தன, நுனி வெளுத்தது. அண்ணி போகும்போதும் வரும்போதும் தொட்டியைப் பார்ப்பார். தை வந்துகொண்டிருக்கிறது என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் வேப்பம்புண்ணாக்கு நாற்றம் அடித்தது. கூடத்தில் ஏன் இந்த நாற்றம் என்று பார்த்தேன். தொட்டித் தண்ணீர் மங்கலாக இருந்தது. மேலே பழுப்பாகத் தூள் மிதந்தது. மீன்கள் எல்லாம் பக்கவாட்டில் மிதந்தன. கௌராமி ஒன்று மட்டும் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து அதற்குள் விட்டேன். சற்று நேரத்தில் அதுவும் போய்விட்டது.

அன்றைக்கு அண்ணன் சம்பாவுக்கு மேலுரம் போட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் யூரியாவை வேப்பம்புண்ணாக்கோடு கலந்து ஓர் இரவு வைத்திருந்து வயலில் வீசுவார்கள். உரம் சீக்கிரம் கரைந்து வீணாகாமல் நிற்கும். வயலில் வீசியது போக மிச்சத்தைக் கொண்டுவந்திருக்கிறார். கூடத்தைத் தாண்டும்போது தொட்டிச் செடிகள் வெளுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறார். வெளுத்த பயிரைப் பார்த்தால் ஒரு விவசாயியின் கை சும்மா இருக்காது. ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் தூவியிருக்கிறார். ஊராரின் ரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா என்று காலை முதல் மாலை வரை பார்த்துச் சொல்கிறவள் நான். என் வீட்டுத் தொட்டியில் கைப்பிடியாக அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

"செடி வெளுத்துக் கெடந்துச்சும்மா. பாக்கச் சகிக்கல. கையில மிச்சம் இருந்துச்சு, போட்டேன்" என்றார். நல்லது செய்த முகம்தான் இன்னும் இருந்தது.

கோபத்தில் கத்தினேன். அழுதுவிடுவேனோ என்று பயந்து இன்னும் சத்தமாகப் பேசினேன். எங்கள் பங்காளியின் வரப்பில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் நிழல் எங்கள் வயலில் ஒரு மூலையில் விழும். அந்த மூலையில் மட்டும் பயிர் வெளுத்து, தூர் கட்டாமல் நிற்கும். அந்த நிழலுக்காக அண்ணன் பங்காளியோடு சண்டை போட்டு, பஞ்சாயத்து வைத்து, மரத்தை வெட்ட வைத்தார். இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"அண்ணே, பூவரசு நிழல்ல பயிர் வெளுத்துச்சே, அங்க யூரியா போட்டீங்களா, மரத்த வெட்டுனீங்களா?"

"அது வயலும்மா" என்றார்.

"இது என் வயலு."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். அண்ணன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு மீன் வாங்கிப் போட்டால் போயிற்று, இதற்குப் போய் வீட்டில் கத்துகிறாள் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பது அவருக்குத் தெரியாதது மாதிரி. மீன்களைக் கொல்லையில் கொய்யா மரத்தடியில் நானே குழி தோண்டிப் புதைத்தேன். அதற்குப் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைப்பேன், அவ்வளவுதான்.

விற்றுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு, விற்றால் விளக்கை எடுத்துக்கொண்டவருக்கும் உரம் போட்டவருக்கும் நானே வேலையை முடித்துக் கொடுத்த மாதிரி ஆகும் என்று பட்டது. தண்ணீரை முழுக்க இறைத்தேன். மணலை அலசினேன். அழுகியது போக மிஞ்சிய வேர்களைக் கழுவி நட்டேன். பற்றாத இடத்துக்கு எங்கள் வயல் வரப்பிலிருந்தே அந்தச் சிவப்புத் தண்டுப் பூண்டைப் பிடுங்கி வந்தேன். மீன் விடவில்லை.

மீன் கடை விளக்கு என்ற நினைப்பையே விட்டுவிட்டு மன்னார்குடியில் சாதாரண எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். கல்யாண மண்டபத்து வாசலிலும் அறுவடைக் களத்திலும் போடுகிற ஃப்ளட் லைட் கேட்டேன். வாசலுக்கா, கொல்லைக்கா என்று கேட்டார்கள். மீன் தொட்டிக்கு என்றதும் கடையே சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன். மஞ்சள் வெளிச்சம் வேண்டாம், பகல் வெளிச்ச வெள்ளைதான் வேண்டும் என்றேன். ஒவ்வொன்றையும் எரியவிட்டுப் பார்த்தேன். முதுகு கனமான அலுமினியமா, சூட்டைத் தாங்குமா, கரண்டு ஏறி இறங்கினால் நிற்குமா என்று கேட்டு, வாரண்டி அட்டையில் சீல் வைக்கச் சொன்னேன். நீளம் முழுக்க வெளிச்சம் விழ மூன்று வாங்கினேன். மூன்றும் சேர்ந்து வெளிநாட்டு விளக்கின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது. நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணைய ஒரு டைமரும் வாங்கினேன்.

கூடத்து உத்தரத்தில் பழைய ஊஞ்சல் கொக்கிகள் சும்மா இருந்தன. அவற்றில் சங்கிலி கட்டி, ஒரு இரும்புக் குழாயைத் தொங்கவிட்டு, விளக்குகளை அதில் முடுக்கினேன். சங்கிலியில் கண்ணி கண்ணியாக ஏற்றலாம், இறக்கலாம். கண்ணாடியில் பாசி பிடித்தால் ஏற்றினேன். செடி நெட்டுக்கு நீண்டால் இறக்கினேன். மார்கழி பாதிக்குள் தொட்டியின் அடிமணலே தெரியாத அளவுக்குப் பச்சை அடர்ந்துவிட்டது. பூண்டின் நுனி வெளிச்சம் பட்டுச் சிவந்தது. அண்ணி ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கூடத்திலேயே அரிசியில் கல் பொறுக்கலாம் போல என்றார். பாராட்டுதான். எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை.

தையில் மாயவரத்துக்காரர்கள் வந்தார்கள். காலையிலேயே அண்ணி என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். நான் உள் அறையில் இருந்துகொண்டால் நல்லது, வருகிறவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்றார். வாழாமல் வந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது. தொட்டி கூடத்தில் இருக்கலாம். நான் இருக்கக் கூடாது. அண்ணன் மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. காப்பி கொடுத்த பிறகு மாப்பிள்ளையின் அப்பா தொட்டி பக்கம் போய் நின்றது தெரிந்தது. மீனே காணோமே, வெறும் தொட்டிக்கு எதற்கு இத்தனை வெளிச்சம் என்று கேட்டார்.

"லைட்டு மீனுக்கு இல்லீங்க, செடிக்கு" என்றார் அண்ணன். "நெழல்ல பயிர் வருங்களா?"

அதானே, நிழலில் எப்படி வரும் என்று அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஆடியிலிருந்து ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிய வாக்கியம். ஒருவர் காதிலும் ஏறவில்லை. அதே வாக்கியம் அண்ணன் வாயிலிருந்து வந்ததும் ஒரு நொடியில் ஏறிவிட்டது. யாரை வைத்துச் செய்தீர்கள் என்று அவர் கேட்டார். அண்ணன் கொஞ்சம் இழுத்துவிட்டு, "டவுன்லேந்து ஒரு ஆள வச்சுத்தாங்க" என்றார்.

நான் எழுந்தேன். புடவையைச் சரி செய்துகொள்ளக்கூட நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"ஆள் வைக்கலீங்க. நான்தான் மாட்டுனேன். இவரோட தங்கச்சி."

அண்ணியின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது. அண்ணன் தொட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, சங்கிலியை அண்ணாந்து பார்த்தார்.

"இது எதுக்கும்மா, ஏத்தி எறக்குறதுக்கா?"

ஆமாம் என்றேன். எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது, விளக்கு எத்தனை மணிக்கு எரிந்து எத்தனை மணிக்கு அணையும் என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். என் வீட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள் அவை. அவர் கேட்டு முடிக்கிறவரை நான் கூடத்தில்தான் நின்றேன். உள்ளே போ என்று யாரும் சொல்லவில்லை.