கருத்தரங்கில் நான் கேட்ட கேள்வி

எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது, உக்கடத்தில் வீட்டுவேலை செய்யும் பெண்களைச் சந்தித்து ஆய்வு எழுதினேன். என் கைடாக இருந்த பேராசிரியர் ஒருநாள்கூட அங்கே வந்ததில்லை. ஆனால் அந்த ஆய்வைத் தன்னுடையதாகக் கருத்தரங்கில் வாசித்தார். ஒரு அக்காவைக் குறிப்பிட்டு, "என்கிட்ட மனசு விட்டுப் பேசினாங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேள்வி நேரம் வரட்டும் என்று காத்திருந்து எழுந்தேன்.

"அந்த அக்கா எவ்வளவு நேரம் பேசினாங்க சார்?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்மா."

"அவங்களுக்கு வாய் பேச வராதுங்க சார். அவங்க சைகையைப் பாத்து மகதான் எனக்குச் சொன்னாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். பிறகு வைவாவில் என் மார்க்கைக் குறைத்துவிட்டார். போகட்டும். வெளிறிப்போன அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.