நாச்சாயக்கா கொடிக்காலும் கம்பியில்லாக் கரண்டும்

மேட்டூர் கரண்ட் பரமத்தி வேலூர்ப் பக்கம் வரத் தொடங்கிய காலம். லைன் வேலையில் சேர்ந்த முதல் நாளே வாயை விட்டேன்.

கம்பம் நட அடித்த சர்வே முளை நாச்சாயக்காவின் வெற்றிலைக் கொடிக்கால் நடுவில் விழுந்திருந்தது. கொடி ஏறியிருந்த அகத்தி மரங்கள் உயரமானவை. ஹை டென்ஷன் கம்பிக்கு அடியில் அவ்வளவு உயர மரம் நிற்கக் கூடாது. மரத்தை வெட்டினால் கொடியும் போயிற்று. அவருக்குப் பிழைப்பே அந்தக் கொடிக்கால்தான். முளையை விட்டு நகராமல் நின்றார். ஆறுதலாக இருக்கட்டுமே என்று, காலேஜில் படித்தபோது ஒரு பத்திரிகையில் பார்த்ததைச் சொன்னேன்.

"கவலைப்படாதீங்கக்கா. ரேடியோவுல பாட்டு வர்றாப்பல கரண்டும் காத்துலயே வரப்போகுது. கம்பமே வேண்டாம்."

அவர் நேரே ஓவர்சீயர் சூசை சாரிடம் போனார். "ஏனுங்க, கம்பியில்லாம வருமாமுங்க. படிச்ச புள்ள, இந்தச் சாமிதான் சொல்லுது. அது வர்ற வரைக்கும் எங்கொடிக்கால்ல கை வெக்காதீங்க."

சூசை சார் என்னைப் பார்த்தார். "ஏம்பா, வேலைக்கு வந்தியா, வேலையை நிறுத்த வந்தியா? சரி, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேன். உன் மெஷினைக் கொடிக்காலை ஒட்டின வாய்க்காக்கரையில வெச்சு, கொடிக்காலுக்குள்ள ஒரு பல்பு எரிய விடு. எரிஞ்சா முளையைப் பிடுங்கிடறேன்."

பழைய மோட்டார் காரின் இக்னிஷன் காயில், ஒரு பேட்டரி, மூங்கில் குழாய்களில் நானே செப்புக் கம்பி சுற்றிய இரண்டு காயில்கள். அந்த வாரம் சோறு தண்ணி நினைவில்லை. எவ்வளவு சந்தோஷமான வாரம்!

ஞாயிற்றுக்கிழமை இரண்டு காயில்களையும் அருகருகே வைத்தேன். பேட்டரி இல்லாத காயிலில் மாட்டிய டார்ச் பல்பு எரிந்தது.

"எரியுது சாமி!" என்று நாச்சாயக்கா கை தட்டினார்.

"தள்ளிக்கிட்டுப் போ," என்றார் சூசை சார்.

ஒரு சாண் வரை மினுங்கியது. அப்புறம் அணைந்தது. கம்பிச் சுற்றுகளைக் கூட்டினேன், பேட்டரியை மாற்றினேன். சாணைத் தாண்டவில்லை.

"சாணுக்கு ஒரு மெஷினா? மேட்டூர்ல இருந்து அடுக்கிக்கிட்டு வரப்போறியா தம்பி?" என்று கம்பம் நடுகிற ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாச்சாயக்கா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அவர் அணைந்த பல்பை வாங்கிப் பார்த்தார். "ஒரு சாண் வந்திருச்சில்லீங்க? மிச்சம் வர நாளாகுமாட்ட இருக்குது. அதுவரைக்கும் உங்க கம்பத்தை வாய்க்காக்கரையோட வளைச்சு நடுங்க. இந்தச் சாமி முழுசும் கொண்டாந்துட்டா, கரையில இருந்து புடுங்கறது உங்களுக்கும் சுலபம்."

சூசை சார் சிரித்துவிட்டார். "வளைச்சா கம்பம் கூடுதல், சாயாம இழுத்துக் கட்ட ஸ்டே ஒயர் வேற. மேலதிகாரிகிட்ட நான் கேட்டு வாங்கறேன். குழியை நீ தோண்டு."

கை கொப்புளிக்கத் தோண்டினேன். அந்த இடத்தில் லைன் இன்றும் கொடிக்காலைச் சுற்றித்தான் போகிறது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கம்பியில்லாக் கரண்டைப் பற்றி இப்போதும் ஆசையாகப் பேசுகிறேன். ஆனால் அது எதுவரை வந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் காயிலில் இப்போது ஒரு முழம்.