எல்லாம் பச்சையாக இருந்த நாள்

என் மருமகள் ஐம்பது செயற்கைக்கோள்களை ஒற்றை ஆளாக மேய்ப்பவள். ஐம்பது என்பது என் வாய்க்கொழுப்பு; ஆறுதான். ஒற்றை ஆள் என்பதும் பொய், பக்கத்து நாற்காலியில் ஷிப்ட் தலைவர் இருப்பார். மேய்ப்பது மட்டும் நிஜம். கணினித் திரையில் ஆறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கோள். நலமாக இருந்தால் பச்சை, வம்பு என்றால் சிவப்பு. ஆறையும் ஒரே மென்பொருளில் கவனித்து, அங்கிருந்தே கட்டளையும் அனுப்புவார்கள். செயற்கைக்கோள் என்று நீட்டி முழக்க அவர்களுக்கு நேரமில்லை, 'வண்டி'தான்.

ஒரு வண்டிக்குப் பெயர் சிணுங்கி. அதன் வெப்பமானி பழுது. சும்மா இருக்கும்போதே கொதிப்பதாகச் சொல்லிச் சிவந்து நிற்கும். எல்லோருக்கும் பழகிப்போன பொய்.

குடும்பத்தாரை அழைத்துவரலாம் என்று அலுவலகம் சொன்ன நாளில் நானும் சம்பந்தியம்மாவும் போனோம். மாமியார் வருகிறாள் என்றால் அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுவதில்லையா? அவளும் அதைத்தான் செய்தாள். சிணுங்கியின் எச்சரிக்கையை மட்டும் அடக்கப் போனவள், அவசரத்தில் ஆறுக்கும் சேர்த்து அடக்கிவிட்டாள். அந்த மென்பொருளில், அடக்கிய கட்டம் பச்சையாகிவிடும்.

"எல்லாம் பச்சையா இருக்கே கண்ணு. ஒண்ணுகூட வாலாட்டலயே" என்றேன்.

"வளர்ப்பு அப்படி" என்றார் சம்பந்தியம்மா, வளர்த்தது யார் என்பது எனக்கு உறைக்கும்படி.

நான் விடுவேனா? கைதட்டினேன். வந்திருந்த மற்றக் குடும்பங்களும் சேர்ந்து தட்டின.

கடைசிக் கட்டத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்த அவள் விரல் அங்கேயே நின்றது. பச்சைக்குள் பேட்டரியின் அளவு மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டி சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பியிருந்தது. தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டால் நம் பேச்சு அதற்கு எட்டாது. மறுபடி மேலே வரும்போது உயிர் இருக்காது.

"சார், எச்சரிக்கைய நான்தான் அமுக்கினேன்" என்றாள். "இவங்க வர்றாங்கன்னு. தெரியாம எல்லாத்துக்கும் அமுக்கிட்டேன்."

தட்டிய கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மா சுவரைப் பார்த்தார்.

ஷிப்ட் தலைவர் திட்டவில்லை. "உக்காரும்மா. முதல்ல வண்டிய சூரியன் பக்கம் திருப்பு. வெக்கப்படுறத அப்புறம் பாத்துக்கலாம்."

திருப்பினாள். வண்டி பிழைத்தது. வெட்கத்தைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எச்சரிக்கையை அடக்கினால் கட்டம் இனிச் சாம்பல் நிறத்தில் தெரியும்படி மென்பொருளை மாற்றிவிட்டார்கள். அந்த நிறத்துக்கு அலுவலகத்தில் 'மாமியார் கலர்' என்று பெயராம். எனக்கு அதில் பெருமைதான். அவளோ அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தலைகுனிகிறாள். வீட்டிலிருந்த சாம்பல் நிறப் போர்வையைக்கூட யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

தப்பைக் கண்ட நொடியே வாய்திறந்து சொன்னாளே, அந்தத் தைரியம் யாருக்கு வரும் என்று இந்த இடத்தில் எழுதி முடித்திருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள் சொன்னாள்:

"உடனே சொல்லல அத்தை. நீங்க கைதட்டி முடிக்கட்டும்னு நின்னேன்."