பின்சீட்டில் ஆக்சிஜன், முன்னால் ஊதுபத்தி

"...வெறும் காத்துதானே மாமா, இது பத்திக்குமா இன்னா?" என்று சிரித்தபடியே, காரில் ஒட்டியிருந்த பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்தினான் என் மைத்துனன். மூச்சுத்திணறும் என் அப்பாவுக்காகக் குரோம்பேட்டையில் வாங்கிய ஆக்சிஜன் சிலிண்டர், பின்சீட்டில் கட்டாமல் கிடந்தது. கண்ணாடிகளெல்லாம் மூடியிருந்தன. தாம்பரத்தில் அவன் பிரேக் அடித்ததும் சிலிண்டர் உருண்டு கதவில் மோதி, 'உஸ்ஸ்' என்றது.

எனக்கு ரத்தம் கொதித்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சாமிக்கு ஏற்றியது என்றும் பாராமல் ஊதுபத்தியை ரோட்டில் போட்டு மிதித்தேன். கதவுகளைத் திறந்து வால்வை இறுக்கினேன்.

"அது தானா பத்திக்காதுடா, பத்துன நெருப்பைப் பெருசாக்கிடும்! எங்கப்பா உசுரே இதுலதான் கீது!"

கட்டாமல் ஏற்றிய என்மேலும் பாதிக் கோபம். இப்போதெல்லாம் சிலிண்டரை இறுகக் கட்டாமல், வால்வைச் சரிபார்க்காமல் நான் சாவியைத் தருவதில்லை.

அடுத்த முறை அவன் பிள்ளையாருக்கு ஒரு செம்பருத்தி வைத்துவிட்டு, நான் சொல்லாமலே நாலு கண்ணாடியையும் இறக்கினான்.